வானத்தின் மூடிக்கு ஒரு பலூன்

அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்தவர்கள் ஐந்தே பேர். நான், என் வீட்டுக்காரர், மழையை ஆராய்ச்சி செய்கிற மேடம், மேடத்திடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண், மைதானத்துக்குச் சொந்தமான கல்லூரியின் வாட்ச்மேன். செம்பட்டை நாய் ஒன்றும் இருந்தது. முதல் இடிக்கே ஓடிவிட்டதால் அதைச் சேர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரு தொம்மலூரில் எங்கள் சந்துக்குள் இந்தக் கதை நுழைந்து வெளியே வருவதற்குள் டி.வி.க்காரர்கள், போலீஸ் ஜீப், ஒரு மந்திரி எல்லாரும் அதில் சேர்ந்துவிட்டார்கள். யாரும் வரவில்லை. ஐந்து பேர்தான்.

எனக்குத் தொழில் பலூன். பிறந்தநாள், காதுகுத்து, சர்ச்சில் முதல் நற்கருணை, கம்பெனிகளில் ஆண்டுவிழா, எதுவானாலும் வாசலில் வளைவு கட்டுவேன், கூரையில் காஸ் பலூன் மிதக்கவிடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்கப்புறம் ஒருநாள்கூட லீவு போடாமல் நான் செய்துவருகிற வேலை கவலைப்படுவது. சிலிண்டர் உருண்டு யார் காலிலாவது விழுமா, வளைவு குழந்தை மேல் சாயுமா, கிளம்பும்போது அடுப்பை அணைத்தேனா. "கவலப்படறதுக்கு சம்பளம் குடுத்தா இந்நேரம் நீ வைட்ஃபீல்டுல வில்லா வாங்கியிருப்ப" என்பார் வீட்டுக்காரர்.

இருக்கிற கவலைகளில் தலைமைக் கவலை மழை. எங்கள் வீட்டு வாசல் தெருவைவிடத் தாழ்வு. ஒரு வருஷம், ஒரு சினிமா பாதி ஓடுகிற நேரம்கூடப் பெய்யாத மழையில், சமையலறையில் இருந்த வாஷிங் மெஷின் தானாக ஹாலுக்கு நடந்து வந்தது. பருவமழை நாள்கணக்கில் தூறும், அதற்குப் பயமில்லை. கோடையில், பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கொட்டிவிட்டுப் போகிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கிற மழை.

அப்படிப்பட்ட ஒரு ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சோற்றில் கை வைத்த நேரம் போன் வந்தது. சின்னப் பெண் குரல்.

"அக்கா, காஸ் பலூன் போடறவங்கதானே? ஆட்டோ பின்னாடி நம்பர் பாத்தேன் அக்கா. வைட்ஃபீல்டு தாண்டி ஒரு காலேஜ் மைதானத்துல இருக்கோம், அர்ஜென்ட்டா ஒரு பலூன் வேணும்."

"எத்தன டஜன் மா?"

"ஒண்ணே ஒண்ணு. பலூன் எங்ககிட்டயே இருக்கு. காஸ் மட்டும் வேணும்."

"ஒரு பலூனுக்கா வைட்ஃபீல்டு தாண்டி வரச் சொல்ற? ஊதியே குடுக்கலாமே மா."

"ஊத முடியாது அக்கா. பெருசு."

"எவ்ளோ பெருசு?"

அந்தப் பெண் யாரிடமோ கேட்டது. பிறகு சொன்னது: "உங்க ஆட்டோ அளவு இருக்கும்னு மேடம் சொல்றாங்க. ஸ்வல்ப சீக்கிரம் வாங்க அக்கா, ப்ளீஸ். மழ வந்துட்டா எல்லாம் போச்சு."

மழை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. "யாரோ டகால்டி பார்ட்டி. ஒரு பலூனுக்கு முழு சிலிண்டரா? போகாத" என்றார் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே சிலிண்டரைத் தூக்கிச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினார். அவருடைய பேச்சும் கையும் ஒன்றாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

வழியெல்லாம் எனக்கு யோசனை. ஆட்டோ அளவு பலூன் எதற்கு? ஏதாவது கட்சி விளம்பரமா? அனுமதி இல்லாமல் விட்டு நம்மைப் பிடித்துக்கொண்டு போனால்? போய்ச் சேர்ந்தபோது மைதானத்தின் நடுவில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஐம்பது வயதுக்கு நெருங்கின ஒரு அம்மா தெற்கே ஹோசூர் பக்கத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் மேசை, கம்ப்யூட்டர், கம்பியை நீட்டிய ஆன்டெனா. நம்மூர் கல்யாண மண்டபத்து மேனேஜர் மாதிரி ஒரு முகம். அவர்தான் மேடம். திருச்சிப் பக்கத்துக்காரர்.

"வந்துட்டீங்களா! கும்பிடணும் உங்கள" என்று நிஜமாகவே கையெடுத்தார். "எங்க சிலிண்டர்ல வால்வு கசிஞ்சு ராத்திரியே காலி. எலெக்ட்ரானிக் சிட்டியிலேர்ந்து வேற ஒண்ணு கிளம்பியிருக்கு, டிராஃபிக்ல நிக்குது. அது வர்றதுக்குள்ள அவன் வந்துருவான்."

"யார் மேடம்?"

மேடம் தெற்கே கை காட்டினார். கீழ்வானத்தில் காலிஃபிளவர் மாதிரி ஒரு வெள்ளை மேகம். வீட்டு வாசலில் நின்று பார்த்தபோது அது இல்லை. இப்போது இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தலையில் இன்னொரு தலை முளைத்தது.

நான் பயத்தில் கேள்வி கேட்கிறவள். கேட்டேன். மேடம் பொறுமையாகச் சொன்னார். வெயிலில் தரை காய்ந்து, சூடும் ஈரமுமான காற்று மேலே ஏறப் பார்க்கிறது. கொஞ்ச தூரம் மேலே போனால் அங்கே வேறொரு காற்று, உலர்ந்தது, அதைவிடச் சூடானது, மூடி மாதிரி அழுத்திக்கொண்டு கிடக்கிறது. ஏறுகிற காற்று அதில் முட்டி நிற்கிறது. மூடி லேசாக இருந்தால் அங்கங்கே ஓட்டை விழுந்து சின்னச் சின்ன மழையாகப் போய்விடும். மூடி கெட்டியாக இருக்கிற நாளில் ஒன்றும் நடக்காத மாதிரி வெயில் அடிக்கும், உள்ளே மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். பிறகு ஏதோ ஒரு இடத்தில் உடையும். அப்போது மொத்தமும் ஒரே இடத்தில் கொட்டும்.

"முன்னவிட இப்ப காத்து சூடு. சூடான காத்து தண்ணிய நெறைய புடிச்சு வெச்சுக்கும். அதனால உடையறப்போ கொட்டறதும் நெறைய" என்றார்.

"தம் பிரியாணி" என்றார் என் வீட்டுக்காரர். மூடியைச் சுற்றி மாவு ஒட்டி அடுப்பில் ஏற்றுவார்களே, அதைச் சொல்கிறார். "மாவு ஒட்டறதுல இருக்கு மேடம் எல்லாம். தம் ஒடைக்கறப்போ மூஞ்சிய கிட்ட வெச்சா அவ்ளோதான்."

"அதேதான்!" என்று மேடம் கையைத் தட்டினார். "தம் ஒடையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்த மூடிக்குள்ள நுழைஞ்சு பாக்கணும். எவ்வளவு கெட்டி, எவ்வளவு சூடு, ஒரு ஒரு அடியா. சேட்டிலைட் மேலேர்ந்து பாக்குது, இந்த அளவுக்கு அதுக்குத் தெரியாது. இந்த டப்பாவுக்குத் தெரியும்."

ஒரு வெள்ளை டப்பாவைக் காட்டினார். டீ கிளாஸைவிடக் கொஞ்சம் பெரிது, கையில் வைத்தால் கனமே இல்லை, ஒரு மீசை மாதிரி கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பலூனில் கட்டி விட்டால் போகிற வழியெல்லாம் சூடு, ஈரம், காற்று எல்லாவற்றையும் கீழே சொல்லிக்கொண்டே போகுமாம். மூன்று கோடையாக முயற்சி. ஒரு வருஷம் பலூன் போன பக்கம் மழை வரவில்லை. ஒரு வருஷம் மழை வந்து முடித்த பிறகு பலூன் போனது. ஒரு தடவை கரண்ட் கம்பியில் மாட்டியது.

"இதான் மேடத்தோட கடேசி டப்பா அக்கா" என்று அந்தப் பெண் என் காதில் சொன்னது. "புராஜெக்ட் இதோட முடியுது. இன்னைக்கு மிஸ்ஸானா அடுத்த கோடைக்குக் காசு இல்ல. இந்த மேகம் மேல வர்றதுக்குள்ள, மூடி ஒடையறதுக்குள்ள போகணும்."

கோலார்ப் பெண் அது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது. என்னை மாதிரி இன்னொரு ஜீவன் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பலூனை எடுத்துக் கொடுத்தார்கள். பழுப்பு வெள்ளையில், மாவு பூசின, தடித்த ரப்பர். வெறுங்கையால் தொடக்கூடாதாம்; கை எண்ணெய் பட்ட இடத்தில் மேலே போய்க் கிழியுமாம். கையுறை போட்டுக்கொண்டேன். நாங்கள் எச்சில் தொட்டு முடிச்சுப் போடுகிற கூட்டம். ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மேடம் போனில் ஏர்போர்ட்டைக் கூப்பிட்டார். விமானம் போகிற பாதை என்பதால் அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் விட வேண்டும். அனுமதிக் கடிதம் இருக்கிறது என்று தெரிந்ததும் என் கவலைகளில் ஒன்று குறைந்தது. வால்வைத் திறந்தேன்.

இங்கேதான் என் தொழில் புத்தி வேலையைக் காட்டியது. எங்கள் தொழிலில் தொளதொள பலூன் என்பது அவமானம். உப்பி, பளபளவென்று, விரலால் தட்டினால் டங் என்று சத்தம் வர வேண்டும். இந்தப் பலூனோ எவ்வளவு காஸ் போனாலும் வயதான யானையின் காது மாதிரித் தொங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கு இப்படியா ஒரு பலூன் என்று இன்னும் கொஞ்சம் விட்டேன். இன்னும் கொஞ்சம். கழுத்துச் சுருக்கம் போனது. அழகாக உருண்டது. அப்போதுதான் மேடம் போனில் இருந்து திரும்பினார்.

"ஐயய்யோ, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

வால்வை மூடினேன். மேடம் ஓடி வந்தார். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து பலூன் தானாகவே உப்பும், அதனால் கீழே தொளதொள என்றுதான் இருக்க வேண்டும், இங்கேயே உப்பிவிட்டால் சீக்கிரம் வெடித்துவிடும், அதற்கும் முன்னால் ராக்கெட் மாதிரி ஏறி மூடியைக் கண் சிமிட்டும் நேரத்தில் தாண்டிவிடும், டப்பாவுக்கு நிதானமாக அளக்க நேரம் இருக்காது. எல்லாம் ஒரே மூச்சில்.

"பர்த்டே பலூன்னு நெனச்சிட்டா மேடம். கேக்கு எங்கன்னு கேக்காம விட்டாளே" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க வாய மூடுங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. கடைசி டப்பா. மூன்று கோடை.

"சரி, எவ்வளவு தூக்குதுன்னு முதல்ல பாப்போம். அப்புறம் காஸைக் கொஞ்சம் வெளிய விடலாம்" என்றார் மேடம். எவ்வளவு தூக்கினால் சரியான வேகம் என்று கணக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டில் வைத்திருந்தார்கள். பலூன் கழுத்தில் அதைத் தொங்கவிட்டார்கள். நியாயப்படி விருட்டென்று தூக்கிக்கொண்டு போக வேண்டும். பலூன் பாட்டிலைச் சோம்பேறித்தனமாகத் தூக்கி, கண்ணுக்கு நேராக நிறுத்தி, அங்கேயே மிதந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மேடம் பலூனைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார். "இவ்வளவு காஸுக்கு இது எப்படி?"

நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "மேடம், இது பார்ட்டி காஸ். சுத்த ஹீலியம் இல்ல. கம்பெனியிலயே காத்து கலந்துதான் குடுப்பான். பலூன் மேல நின்னா போதும் எங்களுக்கு. சுத்த காஸ் வெல கட்டுப்படி ஆகாது. போன்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், யாரும் கேக்கல…"

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு அந்தப் பெண்ணும். கலப்படத்துக்கு இவ்வளவு உப்பினால்தான் இந்த எடையைத் தூக்குமாம். நான் அழகுக்கு நிரப்பியது சரியாகப் போயிற்று. யாருக்கும் இதில் புத்திசாலிப் பட்டம் கிடையாது. சாமி ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

"ஆனா சீக்கிரம் வெடிக்குமே மேடம்? மேகத்தோட உச்சி வரைக்கும் போகாதே?" என்றது பெண்.

மேடம் தெற்கே பார்த்தார். காலிஃபிளவருக்கு இப்போது அடிவயிறு கறுத்திருந்தது. "எனக்கு மூடி போதும். வானம் வேண்டாம். கட்டுங்க."

கழுத்தை இரண்டாக மடித்து, நான் கட்டுகிற கட்டு அவிழாது. கட்டி முடிக்கவும் முதல் காற்று வந்தது. மண்ணை வாரி முகத்தில் அடித்தது. பலூன் திமிறியது. "துணி! துணி!" என்று வீட்டுக்காரர் ஆட்டோவுக்கு ஓடி, கேக் மேசைக்கு விரிக்கிற ஜாலர் வைத்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தார். நான்கு மூலையிலும் நான்கு பேர் பிடித்துப் பலூனை அமுக்கிக்கொண்டோம். வாட்ச்மேன், ராய்ச்சூர்க்காரர், அதுவரை நாற்காலியை விட்டு அசையாத மனிதர், விசிலை வாயில் கவ்விக்கொண்டே ஒரு மூலையைப் பிடித்தார். "மளே பந்தே பிட்டிது, மேடம்! பிட்பிடி!" என்றார். மழை வந்துவிட்டது, விட்டுவிடுங்கள் என்று கன்னடத்தில் கத்துகிறார்.

"விட முடியாதுங்க! பிளைட் போகுது, வெயிட் பண்ணச் சொல்றாங்க!" மேடத்தின் காதில் போன்.

விமானத்தின் சத்தம் தலைக்கு மேலே. தெற்கே முதல் இடி உருண்டது. நாய் ஓடியது அப்போதுதான். துணிக்கு அடியில் பலூன் கன்றுக்குட்டி மாதிரி முட்டியது. துணி கிழியுமா, பலூன் கிழியுமா, என் நெஞ்சு கிழியுமா தெரியவில்லை. எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக மழை வரக்கூடாது என்று வேண்டத் தோன்றவில்லை. வா, ஆனால் கொஞ்சம் நில், நாங்கள் முதலில் என்று வேண்டினேன்.

"ஓகே! ஓகே சொல்லிட்டாங்க!"

டப்பாவை என் கையில் திணித்தார் மேடம். "பலூனை விட்டதும் காத்து போற பக்கமே ஓடுங்க. கயிறு இழுக்கறப்போ கைய விட்டுருங்க. முன்னாடியே விட்டா தரையில அடிபடும்."

"நானா மேடம்? நான் வேணாம், எனக்கு ஆகாது…"

"ஓடுங்க!"

துணியை எடுத்தார்கள். பலூன் எழும்பியது. நான் ஓடினேன். சுடிதார் பேன்ட் காலில் தடுக்க, ஒரு செருப்பு எங்கேயோ பறக்க, டப்பாவைப் பச்சைக்குழந்தை மாதிரி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நாற்பத்திரண்டு வயதில் அப்படி ஓடினேன். பின்னால் வாட்ச்மேன் விசில் அடிக்கிறார். "ஓடு! ஓடு தாயே!" என்று வீட்டுக்காரர் கத்துகிறார். எதிரே விளக்குக் கம்பம். கம்பத்தில் மோதுமே என்று நினைத்த அந்தக் கணம் கயிறு விறைத்தது. விட்டேன். டப்பா என் விரலை விட்டுத் துள்ளியது. கம்பத்தின் உச்சியை உரசுகிற மாதிரி போய், உரசாமல், மேலே, இன்னும் மேலே. வெள்ளைப் புள்ளி. கறுத்த வானத்தில் கடுகு. பிறகு இல்லை.

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேனா அழுதேனா என்று இப்போதுகூட வீட்டில் தகராறு.

சொட்டு விழுந்தது. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவு. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஐந்து பேரும் சரக்கு ஆட்டோவின் கூண்டுக்குள், சிலிண்டரோடு சிலிண்டராக ஏறினோம். ஆன்டெனாவை மட்டும் பெண் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டது. திரையில் ஒரு கோடு வளர்ந்தது. மேலே போகப் போகச் சூடு குறையும், கோடு இடது பக்கம் சாயும் என்றார் மேடம். சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. பலூன் நிதானமாக, கல்யாண ஊர்வலம் மாதிரி ஏறுகிறது. அதனால் கோட்டில் புள்ளிகள் நெருக்கமாக விழுந்தன.

"எங்க மேடம் மூடி?"

"இரும்மா."

இன்னும் இடது. இன்னும். திடீரென்று கோடு நின்றது. பிறகு வலது பக்கம் மடங்கியது. மேலே போயும் சூடு ஏறுகிறது.

"அதோ!" மேடம் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அதோ, அதோ, உள்ள போயிருச்சு! உள்ள இருக்கோம்! எவ்வளவு கெட்டி பாரு!"

உள்ளே இருக்கிறோம் என்றார். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். கோடு வலப்பக்கமே கொஞ்ச தூரம் நடந்து, மறுபடி இடப்பக்கம் திரும்பி, மூடிக்கு அந்தப் பக்கம் வெளியே வந்தது. ஆட்டோவுக்குள் ஐந்து பேரும் போட்ட கூச்சலில் ஆட்டோ ஆடியது. அது அடங்குவதற்குள் தகரத்தின் மேல் சடசடவென்று ஆலங்கட்டி. "தம் ஒடைஞ்சிருச்சு மேடம்!" என்று வீட்டுக்காரர் கத்தினார். வாட்ச்மேன் கையை நீட்டி ஒரு கட்டியைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கோடு அறுந்தது, பலூன் வெடித்துவிட்டது. யாரும் வருத்தப்படவில்லை.

எனக்கு அப்புறம்தான் வீட்டு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றிருக்கிறது. "மேடம், இனிமே எங்க சந்துக்கு எப்ப வரும்னு முன்னாடியே சொல்லிருவீங்களா?" என்று கேட்டேன்.

மேடம் ஆமாம் என்று சொல்லவில்லை. "இன்னும் தெரியாது. ஒரு மூடியைத்தான் பாத்திருக்கோம். இதை மாதிரி நெறைய பாக்கணும். ஆனா நேத்து வரைக்கும் ஒண்ணுகூட இல்ல." பொய் சொல்லாமல் ஒரு பதில். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் வாசற்படியைக் கழுவினேன்.

காஸுக்கும் வண்டி வாடகைக்கும் நாலாயிரத்து இருநூறு ரூபாய் பேசியிருந்தோம். அங்கேயே மேடம் வண்டி வாடகைக்கென்று தன் கையில் இருந்து ஆயிரம் கொடுத்தார். மீதி காஸ் பணத்துக்கு மேடத்தின் ஆபீஸுக்கு பில் கொடுத்தேன். என் பில் புத்தகத்தின் தலையில் 'பர்த்டே டெக்கரேஷன்' என்று கேக் படத்தோடு அச்சடித்திருக்கும். ஆராய்ச்சிப் பணத்தில் யாருக்குப் பிறந்தநாள் கொண்டாடினீர்கள் என்று கணக்குப் பிரிவில் கேட்டுத் திருப்பிவிட்டார்களாம். மேடம் விளக்கம் எழுதினார். கலப்பட காஸ் ஏன் வாங்கினீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் எழுதியிருக்கிறார். "என் பணத்தை வாங்கிக்கோங்க, எனக்குச் சங்கடமா இருக்கு" என்று இரண்டு தடவை போன் செய்தார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். மேடம் காசு மேடத்துக்கு. மூடிக்குள் போனது என் காஸ். அதை அந்த ஆபீஸ் ஒத்துக்கொண்டு, முத்திரை குத்தி, என் பேருக்குச் செக் போட வேண்டும்.

"போற வட்டிக்கு இன்னொரு சிலிண்டர் வாங்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர். பரவாயில்லை. பாக்கி இன்னும் மூவாயிரத்து இருநூறு ரூபாய்.